உப்பு நீரில் மிதக்கும் உண்மை

வாய் பேசாத உயிருக்கு நோய் வந்தால், அதன் சார்பில் மற்றொருவர் பேச வேண்டியிருக்கின்றது. கால்நடை வைத்தியத் துறையிற் புகும் மாணவருக்கு ஆய்வுகூடப் பயிற்சி இன்றியமையாததாவது இதனாலேயே.

மன்னார்த் தீவிலே, பேசாலை, தலைமன்னார்ப் பக்கங்களில், வறிய குடும்பத்துக்கு இரண்டொரு ஆடுகளே சேமிப்புப் பணமாகும். அவற்றுள் ஒன்று மெலிந்து, கண்ணிமையின் உட்புறம் வெளிறி, தாடையின் கீழ் வீங்கி நின்றால், “பூச்சிதான்” என்று மருந்தைப் பருக்கிவிடுவதுண்டு. ஹீமொங்கஸ் என்னும் வயிற்றுப் புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர் குருதியை உறிஞ்சும். ஆயிரம் புழுக்களெனின் 50 மில்லிலீற்றர். ஆகவே அந்த ஐயம் நியாயமானதே. ஆயினும், உண்ணியும் உணவுக் குறைவுங்கூட ஆட்டை வெளிறச் செய்யும். காரணம் அறியாது மருந்து கொடுத்தாற் காசு வீணாகும். மருந்துக்குத் தப்பிய புழுக்களின் சந்ததி பெருகி, பின்னர் அம்மருந்துக்கே அடங்காது போகும்.

இதனைத் தெளிவதற்கு நம் கரையில் விளையும் உப்பே துணைபுரிகின்றது. மேலும் கரையாத அளவுக்கு உப்பைக் கரைத்த நீர், புழு முட்டைகளிலும் அடர்த்தி மிக்கது. ஆதலின் முட்டைகள் மேலே மிதக்கும். 2 கிராம் புழுக்கையை 58 மில்லிலீற்றர் உப்பு நீரிற் கலக்கி வடித்து, கட்டங் கீறிய கண்ணாடி அறைகள் இரண்டில் நிரப்பி, ஐந்து நிமிடம் கழித்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தல் வேண்டும். இரு அறைகளின் கட்டங்களுள்ளும் அடங்குவது 0.3 மில்லிலீற்றர். அங்கே எண்ணிய தொகையை 100 ஆற் பெருக்கினால், ஒரு கிராமிலுள்ள முட்டைகளின் தொகை வரும். மக்மாஸ்டர் முறை எனப்படும் இது, 1939 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் வெளியிடப்பட்டது.

கணக்கு எளிது; கைப்பழக்கமே அரிது. நிலத்திற் கிடந்த புழுக்கை உதவாது. ஆட்டிடமிருந்து நேரே எடுத்து, எந்த ஆடு, எந்த நாள் என்று உடனே எழுதி ஒட்டல் வேண்டும். மன்னார் வெயிலிற் கிடந்தால் ஒரு நாளுக்குள்ளேயே முட்டைகள் பொரிக்கத் தொடங்கும். எனவே குளிரில் வைத்தல் அவசியம். காற்றுக் குமிழியை முட்டையென்று எண்ணிவிடலாகாது. குமிழி வட்டமாய்க் கரிய விளிம்புடன் தோன்றும்; முட்டை நீள்வட்டமாய், உள்ளே கலங்களின் திரளுடன் தோன்றும்.

முட்டை குறைவாயிருப்பதனாற் புழு இல்லையென்று முடிவு செய்தலும் தவறு. முதிராத புழு குருதியை உறிஞ்சுமேயன்றி முட்டையிடாது. ஆதலாற் குருதியையும் நுண்குழாயிற் சுழற்றிப் பார்த்தல் நன்று. நலமுள்ள ஆட்டின் குருதியிற் செங்கலங்களின் பங்கு நூற்றுக்கு 22 முதல் 38 வரை இருக்கும்.

வைரசு நோய்களை அறிதற்குக் கண்டிக்கருகே கன்னொறுவையிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் போன்ற பெரிய ஆய்வுகூடங்களை நாட வேண்டியிருக்கலாம். முட்டை எண்ணுதற்கோ ஒரு மேசையும் ஒரு நுணுக்குக்காட்டியும் போதும். மருந்து கொடுத்து இரு வாரங்களில் மீண்டும் எண்ணுதலும் வேண்டும். முட்டைத் தொகை நூற்றுக்கு 95 பங்கேனும் குறையாவிடின், மருந்து பலிக்கவில்லையென ஐயுறல் தகும்.

மாணவர் எழுதும் தொகையை நம்பியே வைத்தியர் மருந்தைத் தீர்மானிக்கின்றார். ஆதலால், காணாததை எழுதாமையும் கண்டதை மறையாமையுமே இத்தொழிலின் முதற்பாடம் எனக் கொள்வோமாக.