கிணத்தடி நீச்சல் அருவிக்குக் காணாது

சித்திரை லீவு வந்தால் உரும்பிராயில இருந்து பெடியள் வான் பிடிச்சு மலைநாட்டுக்கு வெளிக்கிடுறது இப்ப வழமையாப் போச்சு. நுவரெலியா, எல்ல, பிறகு கொஸ்லந்தைக்குக் கிட்ட தியலும அருவி. போறதைப் பிழை சொல்லேல்ல, நானும் போனவன்தான். ஆனால் ஓடுற தண்ணியைப் பற்றி ஒண்டும் தெரியாமல்தான் நாங்கள் போறம்.

எங்கட குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை. பெய்யிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள்ள இறங்கிக் கிணத்தில ஊறும். கீரிமலையில கடலுக்குப் பக்கத்தில ஊற்றாய் வரும். நாங்கள் நீந்திப் பழகினது தோட்டக் கிணத்திலயும் கீரிமலைக் கேணியிலயும். அங்க தண்ணி ஆளை இழுக்காது. கையைக் காலை அடிச்சால் கரைக்கு வரலாம். அருவியில அது சரிவராது.

தியலும 220 மீற்றர் உயரம். தண்ணி விழுற விளிம்புக்குச் சற்று முன்னம் பாறையில குளம் மாதிரிக் குழிகள் இருக்கு. எல்லாரும் படம் எடுக்கிற இடம் அதுதான். வெயில் எறிக்கேக்க பயமே வராது. ஆனால் மேல மலையில பெய்யிற மழை எங்கட கண்ணுக்குத் தெரியாது; தண்ணி மட்டும் திடீரெண்டு வரும். ஏப்ரலில அங்க பின்னேரங்களில இடிமழை பெய்யும். எங்கட லீவும் அந்த மாசம்தான்.

நாங்கள் போன அண்டு வழியில நிண்ட தோட்டத்து அம்மா ஒராள், "மேல கறுத்துக்கிட்டு வருது தம்பி, தண்ணியில இறங்காதீங்க" எண்டா. சிரிச்சுப்போட்டு ஏறினம். கொஞ்ச நேரத்தில தண்ணி கலங்கி, சருகு அடிச்சுக்கொண்டு வந்துது. ஒருத்தன் நடுப் பாறையில. எங்களிட்டக் கயிறு இல்லை. சாரத்தையும் துவாயையும் முடிஞ்சு எறிஞ்சுதான் இழுத்தனாங்கள். வீட்டில இண்டைக்கும் சொல்லேல்ல.

அதே கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில 2014 ஒக்ரோபர் 29 மண் சரிஞ்சு லயங்களை மூடினது. மழை என்ன செய்யும் எண்டு அந்தச் சனத்துக்கு நல்லாத் தெரியும். அவையள் வேண்டாம் எண்டால் திரும்ப வேணும். அதில வெக்கம் இல்லை.

எங்கட சனசமூக நிலையங்களும் விளையாட்டுக் கழகங்களும் வானுக்குக் காசு சேர்க்கேக்க இதையும் சொல்லிக் குடுக்க வேணும். முதல்நாள் வளிமண்டலவியல் திணைக்களத்தின்ர அறிவிப்பையும் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கோ. விடிய ஏறி மத்தியானத்துக்கு முன்னம் இறங்குங்கோ. ஒரு நீளக் கயிறு கொண்டு போங்கோ. குடிச்சவனைத் தண்ணிக்கிட்ட விடாதேங்கோ. தண்ணி நிறம் மாறினால், இரைச்சல் கூடினால், சாமானை விட்டிட்டு மேட்டுக்கு ஏறுங்கோ. ஆருக்கும் காயம் எண்டால் 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும்.

படமும் எடுங்கோ. விளிம்பில இருந்து நாலு பாகம் தள்ளி நிண்டாலும் அருவி வடிவாத்தான் விழும்.