உத்தரவும் மாத்திரையும்

பல நாட்டு உளவியல் மாணவர்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து, ஓராண்டுக்கு மேல் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஆராய்வது ஐரோப்பாவில் வழக்கம். அங்குள்ள உளவியல் மாணவர் சங்கங்களின் கூட்டமைப்பு, கோடைப் பள்ளி நடத்தி இந்தக் குழுக்களைச் சேர்த்துவிடுகிறது. நோயாளிகள் மாத்திரையைப் பாதியில் ஏன் நிறுத்துகிறார்கள், நோய் முற்றும்வரை ஏன் டாக்டரிடம் போவதில்லை என்பவையெல்லாம் உளவியலின் கேள்விகள். அப்படி ஒரு குழு எங்கே போகலாம் என்று என்னைக் கேட்டால், ராமநாதபுரத்தில் ஏர்வாடி பஸ் ஏறச் சொல்வேன்.

ஏர்வாடி என்றதும் நினைவுக்கு வருவது 2001 ஆகஸ்ட் 6. விடியற்காலையில் ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக்கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அரசு அங்கிருந்த காப்பகங்களை மூடியது. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்தது. எல்லாம் சரி. ஆனால், படிக்காத சனம் அங்குள்ள தர்காவே கதி என்று கிடந்ததால் வந்த வினை என்று அன்றைக்குப் பலர் பேசினார்களே, அது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை.

சுல்தான் செய்யிது இப்ராகிம் ஷஹீது அடங்கியிருக்கும் அந்தத் தர்காவுக்கு எல்லா மதத்தாரும் வருவார்கள். மனம் பேதலித்தவரைக் கூட்டிவருபவர்கள், கனவில் ‘உத்தரவு’ கிடைக்கும்வரை தங்குவார்கள். அதுவரை அம்மாவோ அண்ணனோ பக்கத்திலேயே இருக்கலாம். நோயாளி சத்தம் போட்டால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடாது. ஊரில் கேட்டால் “தர்காவுக்குப் போயிருந்தோம்” என்று தலை நிமிர்ந்து சொல்லலாம். “கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போயிருந்தோம்” என்று சொல்ல முடியுமா? சினிமா அந்தப் பெயரை எத்தனை காலமாகக் கேலிக்கு வைத்திருக்கிறது! தங்கச்சிக்கு வரன் பார்க்கும் வீடு இதையெல்லாம் யோசித்துத்தான் பஸ் ஏறுகிறது.

இப்படித் தங்குவதால் பலன் உண்டா என்று பார்த்த ஓர் ஆய்வு 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பெங்களூரு மனநல மருத்துவர் ரகுராமும், சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரைச் சேர்ந்த மிட்செல் வைஸும், இன்னும் சிலரும் செய்தது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துச்சாமி கோயிலில் தங்கிய 31 பேரைக் கவனித்தார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு நோய். அங்கே மருந்து கிடையாது. துணைக்கு வந்த உறவினரோடு சராசரியாக ஆறு வாரம் தங்கியிருந்தார்கள். நோயின் தீவிரத்தை அளக்கும் மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பிட இன்னொரு குழு இல்லாத சின்ன ஆய்வு அது. அதை வைத்து மருந்தே வேண்டாம் என்று கிளம்பிவிடக் கூடாது. ஆனால் ஒண்ட ஓர் இடமும் உடனிருக்க ஓர் ஆளும் வைத்தியத்தில் சேர்த்திதான் என்று அதைப் படித்த பிறகு தோன்றாமல் இருக்காது.

குஜராத்தின் உனாவா தர்காவில் தொடங்கிய ‘தவா-துவா’ திட்டம் பிற்பாடு ஏர்வாடிக்கும் வந்ததை அதனால்தான் நல்ல புத்தி என்கிறேன். துவாவை, அதாவது பிரார்த்தனையை, கைவிடச் சொல்லாமல், அதோடு மருந்தையும் சேர்த்துக்கொடுக்கிற ஏற்பாடு. தர்காவை விட்டு நகராதவர்களைத் தேடி மனநல மருத்துவர் அங்கேயே வருகிறார்.

நோயாளி மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுவாரா என்பது அடுத்த சிக்கல். மனச்சிதைவுக்கான மாத்திரைகள் பலருக்குத் தூக்கத்தைக் கொடுக்கும். ராமேசுவரத்தில் விசைப்படகில் போகிறவர் இரவெல்லாம் வலையோடு விழித்திருக்க வேண்டியவர். கண்ணை இழுக்கிற மாத்திரையைக் கடலில் அவர் எப்படிப் போடுவார்? கடலுக்குப் போகாவிட்டால் பங்கு கிடையாது. “மருந்தின் அவசியம் உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டு, ஆம், இல்லை என்று குறித்துக்கொண்டால் இது எதுவும் தாளில் ஏறாது.

ஆகவே, அப்படி ஒரு மாணவர் குழு வந்தால், அதற்கு ஒரு யோசனை. அறிவுரையில் தொடங்க வேண்டாம். கூட வந்தவருக்கு எத்தனை நாள் கூலி போச்சு, வீட்டில் யார் உலை வைக்கிறார்கள், ஊரில் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள் என்று முதலில் கேட்கட்டும். மாத்திரை ஏன் நின்றது என்பதற்கான பதில் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும்.