நத்தைக்குள் ஒரு குடித்தனம்

கலிபோர்னியாவின் தென்பகுதியில், கடலோரமாக கார்ப்பின்டீரியா என்றோர் உவர்ச்சதுப்பு இருக்கிறது. நீர் வற்றும் வேளையில் அதன் சேறெங்கும் கொம்பு நத்தைகள். எல்லாம் ஒன்றுபோலத்தான் ஊர்கின்றன, சேற்றில் படிந்த நுண்பாசியை ஒன்றுபோலத்தான் மேய்கின்றன. ஆனால் அவற்றில் பல, இனி ஒருநாளும் முட்டையிடப் போவதில்லை.

உள்ளே குடியிருப்பது தட்டைப்புழு. இந்த ஒரே நத்தையை நம்பி ஏறக்குறைய 20 வகைப் புழுக்கள் பிழைக்கின்றன. பறவையின் எச்சத்தோடு சேற்றில் விழும் புழு முட்டை நத்தையைச் சேர்ந்ததும், புழு அதன் இனப்பெருக்க உறுப்பைத் தின்றுவிட்டு அந்த இடத்தில் தன் வம்சத்தைப் பெருக்குகிறது. நத்தையைக் கொல்வதில்லை, கொன்றால் வீடு போய்விடும். மலடாக்கி, ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கிறது. நத்தை மேய்வதன் பலன் புழுவின் பிள்ளைகளுக்கு. இந்தக் குடித்தனத்துக்குக் காவலும் உண்டு. சிறிய உடலும் பெரிய வாயுமாக, தாம் பெருகாமல், உள்ளே நுழையும் வேற்றுப் புழுக்களைக் கடித்துக் கொல்லும் ஒரு படை ஒரு புழு இனத்தில் இருப்பதை ஆய்வாளர் ரயன் ஹெச்சிங்கர் குழுவினர் 2011இல் எழுதினார்கள். படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

மலட்டு நத்தைக்கும் பசி உண்டு அல்லவா? அது மேய மேய, முட்டையிடக்கூடிய நத்தைகளுக்குத் தீனி குறைகிறது. புழு மிகுந்த இடங்களில் நத்தைகள் சிறிய உருவத்திலேயே பருவமடைகின்றன என்று 1993இல் ஆய்வாளர் கெவின் லாஃபர்ட்டி காட்டினார். புழு வந்து சேர்வதற்குள் சந்ததியைக் கண்டுவிட வேண்டும். அங்கே பிழைப்பதற்கு அதுதான் வழி.

புழுவின் பயணம் நத்தையோடு முடிவதில்லை. ஒரு வகைப் புழு அடுத்துச் சிறுமீனின் மூளையில் போய் ஒட்டுகிறது. மீன் துள்ளித் துடித்து நீர்மட்டத்தில் தன்னைக் காட்டிக்கொள்கிறது. அப்படிப்பட்ட மீன்கள் மற்றவற்றைவிட 10 முதல் 30 மடங்கு அதிகமாகப் பறவைக்கு இரையானதை லாஃபர்ட்டியும் மோரிஸும் 1996இல் பதிவு செய்தார்கள். பறவையின் குடலில் புழு முதிர்கிறது, எச்சத்தோடு முட்டை மறுபடி சேற்றுக்கு வருகிறது.

ஆகவே பறவை வராத சதுப்பில் இந்தப் புழுவும் இராது. கார்ப்பின்டீரியாவில் சீரமைத்த பகுதிகளின் நத்தைகளில் முதலில் புழு குறைவாகவே இருந்தது. ஆறே ஆண்டுகளில் அது நான்கு மடங்காகி, பக்கத்திலிருந்த பழைய சதுப்புக்கு இணையாயிற்று. பறவைகள் திரும்பியதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி இல்லை என்பேன். சதுப்பை மீட்கிறவர்கள் நட்ட செடிகளை மட்டும் எண்ணிக் கணக்குக் காட்டுவது போதாது. சில நத்தைகளையும் உடைத்துப் பார்க்க வேண்டும்.