பானை வீடா, பாட்டில் வீடா?

தம்பி, தங்கைகளே! உங்களிடம் ஒரு கேள்வி.

ஏற்காட்டுப் பக்கம் தலைச்சோலை போன்ற ஒரு மலைக் கிராமத்தில் நீங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முந்தின நாள் ராத்திரி நல்ல மழை. காலையில் காப்பித் தோட்டத்தில் மண்ணைக் கொத்தும்போது, பளபளவென்று ஒரு சின்னப் பாம்பு வெளியே வருகிறது. சீறவில்லை. கடிக்க வரவில்லை. மறுபடியும் மண்ணுக்குள் தலையை நுழைக்கப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் கூட்டாளி ஓடிப்போய் ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வருகிறான். "மூடியில் ஆணியால் நாலு ஓட்டை போடலாம். உள்ளே கொஞ்சம் புல் வைக்கலாம். ரெண்டு நாள் வளர்த்துவிட்டு அப்புறம் விட்டுவிடலாம். காசே செலவில்லை!" என்கிறான்.

நீங்கள் என்ன சொல்வீர்கள்?

"வேண்டாம்டா" என்று சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. பாம்பு பொல்லாதது, அதனால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாம்பை உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றால் எனக்கு ரொம்பச் சந்தோஷம். பிடித்திருப்பதால்தான் பாட்டில் வேண்டாம் என்கிறேன். ஏன் என்று பார்ப்போமா?

முதலில் அந்தப் பாம்பு யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். சேர்வராயன் மலையின் மண்ணுக்குள் 'கேடயவால் பாம்பு' என்று ஒரு வகை வாழ்கிறது. அதன் வால் கூராக இருக்காது. சீவி விட்டது போல மொட்டையாக, சொரசொரப்பாக இருக்கும். அதில் மண் ஒட்டிக்கொண்டு ஒரு கேடயம் போல ஆகிவிடும். பாம்பு வளைக்குள் போகும்போது வால் பக்கத்தை அந்தக் கேடயம் காக்கும். இதற்கு உணவு மண்புழு. விஷம் கிடையாது. முட்டையை வெளியே இடாமல் குட்டியாகவே ஈனும்.

1863-ஆம் ஆண்டு பெட்டோம் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி இந்த மலைப் பாம்பைப் பற்றி முதன்முதலில் எழுதி, ஷார்ட் என்ற மருத்துவரின் பெயரை அதற்குச் சூட்டினார். பிறகு வந்தவர்கள், "இது தனி இனம் இல்லை, வேறொரு கேடயவால் பாம்புதான்" என்று சொல்லி அதோடு சேர்த்துவிட்டார்கள். 2014-ஆம் ஆண்டில்தான் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் மீண்டும் சோதித்துப் பார்த்து, "இல்லை, இது தனி இனம்தான்" என்று நிரூபித்தார்கள். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அதற்குத் தன் சொந்தப் பெயர் திரும்பக் கிடைத்தது. அதன் ஊர் இந்த மலை. வேறு ஊர் அதற்குத் தெரியாது.

இப்போது பாட்டிலுக்கு வருவோம். பாம்புக்கு நம்மைப் போல உடம்பிலேயே சூடு உண்டாக்கிக்கொள்ளும் வசதி இல்லை. சூடு வேண்டுமென்றால் வெயிலுக்கு வரும். குளிர்ச்சி வேண்டுமென்றால் நிழலுக்கோ மண்ணுக்கோ போகும். இப்படி இடம் மாறி மாறித்தான் அது உயிர் வாழ்கிறது. கண்ணாடிப் பாட்டிலுக்குள் எங்கே போகும்? பாட்டில் ஜன்னலோரம் இருந்து, அரைமணி நேரம் வெயில் பட்டாலே உள்ளே அடுப்பு போலாகிவிடும். ஈர மண்ணில் வாழும் பாம்பு வறண்டு செத்துப் போகும். மூடியில் ஓட்டை போட்டால் காற்று வரும், குளிர்ச்சி வராது. ஒளிந்துகொள்ளவும் இடம் இல்லை. நாலு பக்கமும் பெரிய பெரிய முகங்கள் எட்டிப் பார்த்தால் அதற்கு எப்படி இருக்கும்!

"அப்படியானால் பாம்பை யாருமே அடைத்து வைப்பது இல்லையா?" என்று கேட்பீர்கள். வைக்கிறார்கள். அதுவும் நம் தமிழ்நாட்டிலேயே, ரொம்ப மலிவான ஒரு வீட்டில் வைக்கிறார்கள். அந்த வீடு, மண்பானை!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி என்ற ஊர் இருக்கிறது. அங்கே முதலைப் பண்ணை வளாகத்தில் 'இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம்' உள்ளது. இருளர்கள் ஒரு காலத்தில் பாம்பைப் பிடித்துத் தோலுக்காக விற்று வந்தார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாம்புத்தோல் வியாபாரமும் தடை செய்யப்பட்டது. அவர்கள் பிழைப்புக்கு என்ன செய்வார்கள்? பாம்பு ஆர்வலர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978-இல் இந்தச் சங்கம் உருவானது. பாம்பைக் கொல்லாமல், விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிடலாம் என்பது திட்டம்.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு வகைப் பாம்புகளை அவர்கள் பிடித்து வருவார்கள். ஒவ்வொன்றும் மண்பானைக்குள் போகும். பானையில் மணல் இருக்கும். வாயைத் துணியால் மூடிக் கயிற்றால் கட்டிவிடுவார்கள். துணி வழியாகக் காற்று போகும். கோடைக்காலத்தில் மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்குமே, அதே மண்பானைதான். உள்ளே இருட்டாகவும் இருப்பதால், பாம்பு வளைக்குள் இருப்பதாக நினைத்து அமைதியாகச் சுருண்டுவிடும். மின்சாரம் வேண்டாம், கண்ணாடிப் பெட்டி வேண்டாம். குயவர் கையில் பிறந்த பானையே போதும்.

வாரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் நான்கு தடவை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் சின்ன அடையாளம் போட்டு, காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் இருப்பதால் அதே பாம்பை உடனே மறுபடி பிடிக்க மாட்டார்கள். எடுத்த விஷம் மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அதைக் குதிரைக்கு மிக மிகச் சிறிய அளவில் ஊசி போட்டு, குதிரையின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியிலிருந்து பாம்புக்கடி மருந்து தயாரிக்கிறார்கள். நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் யாராவது பாம்புக்கடியிலிருந்து பிழைத்தால், அதற்குப் பின்னால் ஏதோ ஒரு பானையில் சில வாரம் தங்கிய பாம்பும் இருக்கலாம்!

பானையும் பாட்டிலும் இரண்டுமே மலிவுதான். இரண்டுமே 'தற்காலிக வீடு'தான். அப்படியானால் என்ன வித்தியாசம்? மூன்று வித்தியாசங்கள் உண்டு.

ஒன்று, பானையில் வைப்பவர்களுக்குப் பாம்பைத் தெரியும். தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருதே கிடைத்தது. இரண்டு, அவர்களிடம் வனத்துறையின் அனுமதி இருக்கிறது. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று கணக்கும் இருக்கிறது. மூன்றாவதுதான் முக்கியம். பாம்பு எப்போது திரும்பிப் போகும் என்பது, அது பானைக்குள் போகும்போதே தெரியும்.

பாட்டிலுக்கு அந்தத் தேதி கிடையாது. "ரெண்டு நாள்" என்று ஆரம்பிக்கும். சனிக்கிழமை சித்தப்பா பையன் வருவான், அவனுக்குக் காட்டலாம் என்று ஒரு நாள் கூடும். திங்கட்கிழமை பள்ளிக்கூடம், பரீட்சை. பாட்டில் அலமாரிக்குப் பின்னால் போய்விடும். ஒரு நாள் நாற்றம் வரும்போதுதான் ஞாபகம் வரும். பொன்வண்டைத் தீப்பெட்டியில் வளர்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்!

இன்னொரு ஆபத்தும் உண்டு. நீங்கள் பிடிப்பது விஷமில்லாத பாம்புதான் என்று எப்படித் தெரியும்? வீட்டுச் சுவரில் ஏறும் வெள்ளிக்கோல் வரையனுக்கு விஷமில்லை. ஆனால் அதன் கோடுகள், கொடிய விஷமுள்ள கட்டுவிரியனின் கோடுகள் போலவே இருக்கும். பெரியவர்களே ஏமாந்து போகிறார்கள். கட்டுவிரியன் கடித்தால் பெரிதாக வலிக்காது, எறும்பு கடித்தது போல இருக்கும். ஆனால் உயிர் போய்விடும். பச்சையாக இருப்பதெல்லாம் சாதாரணப் பச்சைப் பாம்பு என்றும் நினைக்கக் கூடாது. மூங்கில் விரியனும் பச்சைதான். நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நான் முன்னே சொன்ன நான்கு பாம்புகளுக்கானது. மூங்கில் விரியனுக்கு அது ஏற்றதல்ல.

சட்டமும் இதையே சொல்கிறது. காட்டில் உள்ள பாம்பைப் பிடிப்பதும் வீட்டில் வைத்துக்கொள்வதும் குற்றம். விஷம் இல்லாதது, குட்டிப் பாம்பு, ரெண்டே நாள் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

"வெளிநாட்டில் பிள்ளைகள் பாம்பு வளர்க்கிறார்களே, வீடியோவில் பார்த்தேனே!" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே பெரும்பாலும் வளர்ப்புக்கென்றே கூண்டில் பிறந்த பாம்புகளை வாங்குகிறார்கள். பந்து மலைப்பாம்பு என்று ஒன்று. பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும். அது இருபது ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். அதாவது, ஐந்தாம் வகுப்பில் வாங்கினால், உங்களுக்குக் கல்யாணம் ஆகும்போதும் அது வீட்டில் இருக்கும்! விதவிதமான விளக்கு, சூடு, ஈரப்பதம், தீனி, கால்நடை மருத்துவர் எல்லாம் வேண்டும். மலிவுப் பெட்டியில் சமாளிக்கும் விஷயமில்லை அது. சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளுக்குள் துணிமூட்டைகளில் திணித்து வந்த இந்தப் பாம்புகளைச் சுங்கத்துறையினர் பலமுறை பிடித்திருக்கிறார்கள். யாரோ ஆசைப்பட்டு வாங்குவதால்தான் அவை அப்படித் திணிக்கப்படுகின்றன.

சலித்துப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், செல்லமாக வாங்கிய பர்மிய மலைப்பாம்புகள் பெரிதானதும் சிலர் சதுப்பு நிலத்தில் விட்டுவிட்டார்கள். சில தப்பித்தும் போயின. அவை பெருகி, அங்குள்ள முயல், ரக்கூன் போன்ற பிராணிகளைத் தின்று தீர்த்தன. அவற்றைக் கண்டுபிடிக்க முடியாமல் தவித்த அதிகாரிகள் 2017-இல் யாரை அழைத்தார்கள் தெரியுமா? நம் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும்தான்! மோப்ப நாய்களோடு சேர்ந்து அவர்கள் போய்ப் பிடித்துக் கொடுத்தார்கள். பாம்பை 'விட்டுவிடுவது' என்றால், அது பிறந்த இடத்தில் விடுவது. கண்ட இடத்தில் விடுவது இல்லை.

சரி, பாம்பைப் பிடிக்கும் பிள்ளைகள் என்னதான் செய்வது? நிறையச் செய்யலாம்.

தோட்டத்தில் கண்டால் தள்ளி நின்று பாருங்கள். தொடாதீர்கள். நிறம், நீளம், தேதி, இடம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, படம் வரைந்து வையுங்கள். மண்ணைக் கொத்தும்போது கேடயவால் பாம்பு வந்தால், அது மண்ணுக்குள் போகும் வரை கொஞ்ச நேரம் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். சருகைக் கூட்டித் தீ வைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். அந்தச் சருகும் ஈர மண்ணும்தான் அதன் வீடு. அதற்கு வாடகைகூடக் கிடையாது!

வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் வேறு மாதிரி. பாட்டில், வாளி, பெட்டி எதையும் தேடாதீர்கள். பெரியவர்களைக் கூப்பிடுங்கள். ஒருவர் தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று பார்க்கட்டும். இன்னொருவர் தீயணைப்புத் துறைக்கோ (101) வனத்துறைக்கோ போன் செய்யட்டும். வருபவர்கள் அதைப் பையில் பிடித்துக் காட்டில் விடுவார்கள். அந்தப் பையும் தற்காலிக வீடுதான். தங்கும் நேரம் கொஞ்சம்தான். யாரையாவது கடித்துவிட்டால் ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நெருங்கிப் பார்க்க ஆசையா? வடநெம்மேலிக்கும் கிண்டி பாம்புப் பண்ணைக்கும் ஒருமுறை அழைத்துப் போகச் சொல்லி அப்பா, அம்மாவிடம் கேளுங்கள். பள்ளிச் சுற்றுலாவுக்கு இடம் தேடும் ஆசிரியர்களிடமும் சொல்லுங்கள்.

அடுத்த மழைக்குப் பிறகு உங்கள் கூட்டாளி பாட்டிலோடு வந்தால், அதைக் கழுவி அம்மாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். மிளகாய்த்தூள் போட்டு வைக்க உதவும். பாம்பு தன் வீட்டுக்குப் போகட்டும்!