மூடியைப் பூட்டியது யார்?



நம்ம குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள்ல அடிக்கடி சுத்திச் சுத்தி வர்ற உபதேசம் இது: ராத்திரி முழுக்க சார்ஜ்ல போடாதே, இருபதுக்குக் கீழ இறங்க விடாதே, எண்பதைத் தாண்ட விடாதே, சார்ஜ் போட்டுக்கிட்டே வீடியோ பாக்காதே. அனுப்புறது பெரும்பாலும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ. கூடவே சொல்லாமல் சொல்லும் ஒரு குற்றச்சாட்டும் இருக்கும்: உன் போன் ரெண்டே வருஷத்துல மத்தியானத்துக்குள்ள செத்துப் போகுதுன்னா, நீ அதைச் சரியா வெச்சுக்கல.

இந்தக் குற்றச்சாட்டைத்தான் மறுக்கிறேன். பேட்டரி தேய்வது இயற்கை. தேய்ந்த பேட்டரியை நாமே மாற்ற முடியாமல் செய்தது ஒரு வியாபார முடிவு. அந்த முடிவை எடுத்தவர்களை விட்டுவிட்டு நாம் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

முதலில், உபதேசத்தில் எவ்வளவு உண்மை? லித்தியம் அயான் பேட்டரிக்குப் பெரிய எதிரி சூடு. அடுத்தது, 100 சதவீதம் நிரம்பிய நிலையிலேயே மணிக்கணக்காகக் கிடப்பது. ஆகவே ஆகஸ்ட் மாத இர்விங் வெயிலில் போனை காருக்குள் விட்டுட்டுப் போகாதீங்க, தலையணைக்கு அடியில வெச்சு சார்ஜ் போடாதீங்க. இது சரியான அறிவுரை. "முழுசா இறக்கிட்டு அப்புறம் ஏத்து" என்பது நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம். இன்றைய பேட்டரிக்கு அது கெடுதல். ராத்திரி சார்ஜ் பற்றிய பயமும் பாதி பழசு. இப்போதைய பல போன்கள் 80-ல் நின்று, நீங்கள் எழும் நேரத்துக்கு மீதியை ஏற்றிக்கொள்கின்றன.

ஆனால் எவ்வளவு பொத்திப் பொத்தி வெச்சாலும் பேட்டரி தேயும். ஆப்பிள் நிறுவனமே ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்குச் சொல்லும் கணக்கு, 500 முழு சார்ஜ் சுற்றுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு. தினம் ஒரு சுற்று என்றால் ஒன்றரை வருஷம் கூட இல்லை. ஒழுங்கா இருந்தா இன்னும் கொஞ்ச நாள் கூடும். அவ்வளவுதான்.

அந்த ஒழுங்கும் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. லாஸ் கொலினாஸில் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவரால் எண்பதில் பிளக்கைப் பிடுங்க முடியும். மெக்கார்தர் புலவார்டில் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு ஓடுகிற டெலிவரி டிரைவரின் போன் நாள் முழுக்க டாஷ்போர்டில், வெயிலில், சார்ஜரோடு இருந்தாக வேண்டும். ஆர்டரும் வழியும் கூலியும் அதில்தான் வருகின்றன. சீக்கிரம் பேட்டரி தேய்வது அவருடைய போனில்தான். அவரிடம் போய் 20–80 உபதேசம் செய்ய நமக்கு வாய் வருமா?

2017 டிசம்பரில் ஆப்பிள் ஒன்றை ஒப்புக்கொண்டது. பேட்டரி பழசான ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாமல் இருக்க, அவற்றின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்து வந்ததாகச் சொன்னது. போன் மந்தமானதும் "பழசாயிடுச்சு, புதுசு வாங்கணும்" என்று நினைத்தவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குத் தேவைப்பட்டது புது பேட்டரி மட்டும்தான். எதிர்ப்பு கிளம்பியதும் பேட்டரி மாற்றும் கட்டணம் 79 டாலரிலிருந்து 29 ஆக இறங்கியது. 29-க்கு முடிகிற வேலைக்கு அதுவரை 79 ஏன் வாங்கினார்கள்? 2020-ல் வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கை முடித்துக்கொள்ள 50 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டார்கள். தவறு செய்ததாக மட்டும் ஏற்கவில்லை.

இதெல்லாம் தொழில்நுட்பத்தின் கட்டாயம் என்று யாராவது சொன்னால், அவர்களிடம் பிஎல்-5சி பற்றிக் கேளுங்கள். ஊரில் அம்மா அப்பா தலைமுறைக்குப் பெயர் சொல்லாமலே தெரியும்: டார்ச் லைட்டோடு வந்த நோக்கியா 1100-ன் பின்மூடியைத் தள்ளினால் கையில் வந்து விழுகிற அந்தச் சின்ன பேட்டரி. 2007 ஆகஸ்டில் நோக்கியா ஓர் எச்சரிக்கை விட்டது. மட்சுஷிட்டா தயாரித்த 4.6 கோடி பிஎல்-5சி பேட்டரிகள் சார்ஜ் ஆகும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றது. இந்தியாவில் பெரிய பீதி. ஆனால் தீர்வு என்ன? மூடியைத் திற, எண்ணைப் பார், பேட்டரியை மாற்று. போன் உங்களிடமே இருக்கும்.

ஒன்பது வருஷம் கழித்து, 2016-ல், சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தது. கோளாறு அங்கேயும் பேட்டரியில்தான். அந்தப் போனில் பேட்டரியைக் கழற்ற வழியில்லை. சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெற்றார்கள், கடைசியில் அந்த மாடலையே நிறுத்தினார்கள். ஒட்டி மூடுவதற்குச் சொல்லப்படும் காரணம், தண்ணீர் புகாமல் இருக்க. அதே சாம்சங் 2014-ல் விற்ற கேலக்ஸி எஸ்5 தண்ணீரையும் தாங்கியது, பின்மூடியும் திறந்தது. முடியாதது ஒன்றுமில்லை.

இந்தக் கதையில் நம்ம ரெண்டு ஊரும் இருக்கு. நோக்கியாவின் அமெரிக்கத் தலைமையகம் பல வருஷம் இங்கே இர்விங்கில்தான் இருந்தது. அதன் இந்திய ஆலை ஸ்ரீபெரும்புதூரில். 2006-ல் உற்பத்தி தொடங்கியபோது சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர்கள், நிறைய பெண்கள், ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். வரிப் பிரச்சினையில் சிக்கிய ஆலையை மைக்ரோசாஃப்ட் எடுத்துக்கொள்ளாமல் விட்டது. 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. இருபது சொச்சம் வயதில் அவர்களுக்கு "விருப்ப ஓய்வு" என்று பெயர். பிறகு அதே வளாகத்தை எடுத்துக்கொண்ட சால்காம்ப், இன்று போன் சார்ஜர்கள் செய்கிறது.

பக்கத்திலேயே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் பொருத்தப்படுகின்றன. 2021 டிசம்பரில் அந்த ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்த பிறகுதான், விடுதியும் சாப்பாட்டுக் கூடமும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் சொன்னது. அங்கே பலரும் ஒப்பந்த நிறுவனங்கள் வழியாகச் சேர்ந்தவர்கள். ஆக இன்றைய நிலவரம் இது: போனிலிருந்து பேட்டரியைக் கழற்ற முடியாது, ஆலையிலிருந்து தொழிலாளியை எப்போது வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம்.

"தோழர், போன் பேட்டரியெல்லாம் ஒரு அரசியலா?" என்று நீங்க கேட்கலாம். ரெண்டும் ஒரே கணக்கு என்பதால்தான் கேட்கிறேன். போன் சீக்கிரம் சாக வேண்டும், அதைச் செய்கிறவர் மலிவாகவும் வாயில்லாமலும் இருக்க வேண்டும். எதிலே கை வைத்தாலும் அந்த லாபத்தில்தான் கை வைக்கிறோம்.

அப்போ என்ன செய்யலாம்?

டெக்சாஸ் சட்டமன்றம் 2025-ல் எச்.பி. 2963 என்ற பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2026 செப்டம்பர் 1 அதன் அமலாக்க நாள். உதிரிபாகம், கருவி, கையேடு மூன்றையும் நமக்கும் சிறு ரிப்பேர் கடைகளுக்கும் நியாயமான நிபந்தனையில் கம்பெனிகள் தர வேண்டும். குடியரசுக் கட்சி ஆளும் மாநிலத்திலேயே இது நடந்தது என்பதைக் கவனியுங்கள். ஆனால் ஓட்டை இருக்கிறது. 2019-ல் ஐபோன் பேட்டரியை வெளிக்கடையில் மாற்றியவர்களுக்கு, "இது அசல் பேட்டரியா என்று உறுதிசெய்ய முடியவில்லை" என்ற எச்சரிக்கை திரையில் வந்தது, பேட்டரி நிலவரமும் மறைக்கப்பட்டது. பாகத்தை மென்பொருளால் பூட்டும் இந்த வேலையை ஓரிகன் மாநிலம் 2024-ல் தடை செய்தது. டெக்சாஸ் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. உங்கள் மாநிலப் பிரதிநிதிக்கு எழுதும்போது இந்த ஒன்றைக் கேளுங்கள். ஓட்டுரிமை இல்லாத எச்-1பி, எஃப்-1 தோழர்களும் எழுதலாம். தொகுதியில் குடியிருந்தாலே போதும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், விற்பனைக்கு வரும் புது மாடல்களின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்கிறது. அங்கே செய்ய முடிந்ததை இங்கேயும் கேட்கலாம்.

போன் மந்தமானால் புதுசு பாக்குறதுக்கு முன்னாடி பேட்டரியை மாத்துங்க. முடிஞ்சா பக்கத்து ரிப்பேர் கடையில மாத்துங்க. ஊரில் 2024-ல் சாம்சங்கின் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் தொழிலாளர்கள் சங்கத்துக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அடுத்த முறை போன் ஆலைத் தொழிலாளர்கள் சாலையில் உட்காரும்போது, அவர்கள் செய்த போனைக் கையில் வைத்திருக்கும் நாம் சும்மா இருக்கக் கூடாது.

மாமாவின் அடுத்த உபதேசம் வந்தால் சண்டை போடாதீங்க. அந்தச் சட்டத்தின் எண்ணை அவருக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க.