சான்று தர வேண்டியவர் யார்?

1991 வளைகுடாப் போருக்குச் சென்ற அமெரிக்க வீரர்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேர். அவர்களில் குறைந்தது நான்கில் ஒருவர் தீராத களைப்பு, உடல்வலி, மறதி, வயிற்றுக் கோளாறு எனப் பல துன்பங்களை ஒருசேரச் சுமப்பதாக, சட்டப்படி அமைக்கப்பட்ட ஆய்வுக் குழு 2008இல் உறுதிசெய்தது. நரம்பு நச்சுக்குத் தற்காப்பாகத் தரப்பட்ட பைரிடோஸ்டிக்மைன் மாத்திரைகளையும் முகாம்களில் பயன்படுத்திய பூச்சிக்கொல்லிகளையும் அது காரணமாகச் சுட்டியது.

வளைகுடா நோய் எனப்படும் இது வழக்கமான பரிசோதனைகளில் பிடிபடுவதில்லை. நோயாளியின் வாக்குமூலமே ஆதாரம். அதுவோ மன உளைச்சல் என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டது. ஆகவே, ரத்தத்தில் நோய் எதிர்ப்பாற்றலின் தடயங்களைத் தேடும் ஆய்வுகளை வரவேற்கிறோம். அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம், சைட்டோகைன்கள், வெள்ளணுக்களின் அளவு ஆகியவற்றில் மாறுபாடுகள் தென்பட்டுள்ளன. ஆனால், வேறு நோய்களிலும் இவை மாறக்கூடியவை. தனியொருவருக்கு இந்நோய் உண்டா, இல்லையா என்று அறுதியிட இவை இன்னும் போதா.

இங்கேதான் அநீதிக்கு இடமிருக்கிறது. இன்னதெனக் கண்டறியப்படாத நோய்க்கும் இழப்பீடு தரலாம் என 1994இலேயே சட்டம் வந்தது. இருந்தும் 2010 முதல் 2015 வரையிலான நிதியாண்டுகளில் வளைகுடா நோய்க் கோரிக்கைகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிராகரிக்கப்பட்டதை அரசின் தணிக்கை அமைப்பே 2017இல் வெளிப்படுத்தியது. நம்ப மறுத்துப் பழகிய நிர்வாகத்திடம் முதிராத பரிசோதனை ஒன்று சிக்கினால், நிராகரிக்க அதுவும் ஒரு சாக்காகிவிடும்.

பைரிடோஸ்டிக்மைன் மாத்திரைகளை வீரர்களின் ஒப்புதலின்றியே கொடுக்க அரசு தனக்குத் தானே விலக்கு அளித்துக்கொண்டது. யார் எத்தனை விழுங்கினார் என்பதற்கு முறையான பதிவேடு வைக்கவில்லை. ஈராக்கின் கமிசியாவில் அமெரிக்கப் படையே தகர்த்த கிடங்கில் சாரின் என்ற நரம்பு நச்சு நிரப்பிய ராக்கெட்டுகள் இருந்ததை 1996இல்தான் ஒப்புக்கொண்டது. ஆவணத்தைப் பேணாதவர், பாதிக்கப்பட்டவரிடம் ஆவணம் கேட்பது அறமாகாது.

பரந்த ஆய்வுகளுக்கு அமெரிக்க அரசு தடையின்றி நிதி அளிக்க வேண்டும். அவை கனியும்வரை, போர்க்களப் பணியும் மருத்துவர் பதிந்த அறிகுறிகளுமே சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் போதுமானவை. ரத்தத்தில் தடயம் இல்லை என்பதற்காக எந்த வீரரையும் திருப்பி அனுப்பக் கூடாது. போருக்கு அனுப்பும்போது உடல்தகுதியைச் சோதித்து ஏற்ற அரசு, அந்த உடல் சிதைந்து திரும்பியதற்கும் பொறுப்பேற்றே ஆக வேண்டும்.