கடற்கொள்ளையன் வேடமும் கைக்கு வந்த கூலியும்

சினிமா நம் வழியல்ல. அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் நாம் சினிமாவைப் பார்க்காவிட்டாலும் சினிமா நம்மைப் பார்த்துக் கொண்டேதான் இருக்கிறது. எந்தக் கண்ணால் பார்க்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது சமுதாயத்தின் கடமை. அதற்குப் பர்காத் அப்தி என்ற சகோதரரின் வாழ்க்கை ஒன்றே போதும்.

1985இல் சோமாலியாவின் மொகதிஷு நகரில் பிறந்தவர் அப்தி. உள்நாட்டுப் போர் நாட்டைச் சிதறடித்தபோது குடும்பத்தோடு யமனில் தஞ்சம் புகுந்தார். அங்கிருந்து 1999இல், 14 வயதில், அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகருக்கு வந்து சேர்ந்தார். டாக்சி ஓட்டியும், கடை வைத்தும், பள்ளிவாசல் எழுப்பியும் தலைநிமிர்ந்த சோமாலிய முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் வாழும் ஊர் அது. அப்தியும் லிமோசின் கார் ஓட்டி ஹலாலாகச் சம்பாதித்தவர்தான்.

ஹாலிவுட் தேடி வந்தது எதற்கு?

'கேப்டன் பிலிப்ஸ்' என்ற படத்துக்குச் சோமாலியர்கள் தேவை என்று அந்த ஊரில் அறிவிப்பு வந்தது. 700க்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். தேர்வானவர்கள் நால்வர். அதுவரை எந்தப் படத்திலும் நடித்திராத அப்தி அவர்களில் ஒருவர். என்ன வேடம்? மருத்துவரா? ஆசிரியரா? இல்லை, கடற்கொள்ளையர் தலைவன்!

2009 ஏப்ரலில் மெர்ஸ்க் அலபாமா என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் தாக்கப்பட்ட சம்பவம்தான் கதை. கொள்ளையரில் மூவரை அமெரிக்கக் கடற்படை சுட்டுக் கொன்றது. நான்காமவருக்கு 2011இல் 33 ஆண்டுகள் 9 மாதங்கள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

கொள்ளை ஹராம். அதைச் செய்பவன் சோமாலியனானாலும், முஸ்லிம் பெயர் தாங்கியவனானாலும் ஹராம்தான். ஆனால் 1991இல் சியாத் பர்ரே ஆட்சி கவிழ்ந்தபின், கேட்பாரற்றுக் கிடந்த அந்தக் கடலில் அயல்நாட்டுக் கப்பல்கள் அனுமதியின்றி மீனை வாரிச் சென்றனவே, அதற்குப் பெயர் என்ன? அந்தக் கொள்ளையைப் பற்றி இந்தப் படத்தில் வருவது ஓரிரு வசனம் மட்டுமே.

கணக்கைப் பாருங்கள்

வியாபாரிகளே! உங்களுக்குக் கணக்கு தெரியும். 2013இல் வெளியான அந்தப் படத்தின் தயாரிப்புச் செலவு 5.5 கோடி டாலர். உலகம் முழுவதும் வசூல் சுமார் 21.8 கோடி டாலர். அப்திக்குத் தரப்பட்டதாக 2014இல் அமெரிக்கப் பத்திரிகை வெளியிட்ட தொகை 65,000 டாலர். வசூலான ஒவ்வொரு 10,000 டாலரிலும் அவர் பங்கு 3 டாலருக்கும் குறைவு!

படப்பிடிப்பு முடிந்ததும் அவர் போய் நின்றது தம் சகோதரரின் செல்போன் கடையில். பிறகு ஆஸ்கர் பரிந்துரை வந்தது. பிரிட்டனின் பாஃப்டா விருதும் 2014இல் கிடைத்தது. அந்த நாட்களில் அவர் அணிந்த உடைகள்கூட இரவல் என்று எழுதினார்கள். அவரைக் காசு வாங்காமல் காரில் ஏற்றித் திரிந்தவர் டாக்சி ஓட்டும் ஒரு சோமாலிய நண்பர். கோடிகளை அள்ளிய நிறுவனம் செய்யாததை ஓர் ஏழைச் சகோதரர் செய்தார். இதுதான் உம்மத்!

"புதியவருக்கு அதுதான் வழக்கமான சம்பளம், ஒப்புக்கொண்டுதானே நடித்தார்?" என்று கேட்பார்கள். ஒப்புக்கொண்டார், உண்மைதான். ஆனால் பேரம் பேச வழியில்லாதவன் தலையாட்டினால் அது நியாயமான கூலி ஆகிவிடுமா?

அதற்குப் பிறகு கதவுகள் விரியத் திறந்தனவா? 2015இல் 'ஐ இன் தி ஸ்கை' படத்தில் பயங்கரவாதிகளை உளவு பார்ப்பவராக வந்தார். 2017இல் 'பிளேட் ரன்னர் 2049' போன்ற படங்களில் சிறு வேடங்கள் கிடைத்தன. 2017 முதல் 2019 வரை வந்த 200 பிரபல படங்களைத் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2021இல் அறிக்கை தந்தார்கள். பேசும் பாத்திரங்களில் முஸ்லிம்கள் 1.6 சதவீதம்தான்! உலகில் நால்வரில் ஒருவர் முஸ்லிம். திரையில் நூற்றுக்கு இருவர்கூட இல்லை.

நாம் செய்ய வேண்டியது

இளைஞர்களே! அதே 2013இல் 'விஸ்வரூபம்' படத்தை எதிர்த்து இங்கே முஸ்லிம் அமைப்புகள் குரல் கொடுத்தன. தேவையான குரல்தான். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் கொடி பிடிப்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. சட்டம் படியுங்கள். பத்திரிகைத் துறைக்குப் போங்கள். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடக் கற்றுக் கொள்ளுங்கள். நம் கதையை நாம் சொல்லாதவரை, பிறர் சொல்வதுதான் நம் கதை.

வியாபாரிகளே! ஹாலிவுட்டைக் குறை சொல்லிவிட்டு நம் கல்லாவையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். ஊர் விட்டு ஊர் வந்து நம் கடையில் நிற்கும் பையனும் பேரம் பேச வழியில்லாதவன்தான். ஒரே சம்பளத்தில் இரண்டு ஆள் வேலை வாங்குகிறோமா? நோன்புப் பெருநாள் வியாபாரம் இரட்டிப்பானால் அவன் கைக்கும் ஏதாவது போகிறதா? வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். அந்தக் கட்டளை ஹாலிவுட் முதலாளிக்குத் தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரியும். மறுமையில் கேள்வி தெரிந்தவனிடம்தான் முதலில் கேட்கப்படும்.